துடுப்பை எப்போது நிறுத்துவது: கனோவில் இருந்து நீர்ப்பறவைகளைப் பார்ப்பதும் படமெடுப்பதும்

இரண்டு வருடமாகக் கரையில் நின்றே 400 மி.மீ. லென்ஸில் நீர்ப்பறவைகளை எடுத்து வருகிறீர்கள், பாதிப் படங்களில் பறவை தூரத்துப் புள்ளியாகத்தான் இருக்கிறது, நண்பர் ஒருவர் கனோவில் (ஒற்றைத் துடுப்பால் வலிக்கும் திறந்த சிறு படகு) உள்ளே போய்ப் பார் என்கிறார். படகைக் கண்டதும் பறவைகள் பறந்துவிடாதா, அந்த ஆட்டத்தில் படம் கூர்மையாக வருமா, கேமரா தண்ணீரில் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போங்கள். ஆனால் பறவையைத் துரத்திப் பக்கத்தில் போகத்தான் படகு என்ற எண்ணத்தோடு போகாதீர்கள். நானும் முதல் ஒரு வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன், அந்த வருடம் எடுத்ததில் பெரும்பாலானவை பறந்துபோகும் பறவைகளின் வால் பக்கம். அவை மேய்கிற இடத்துக்குள்ளேயே போய், அங்கே அசையாமல் உட்கார்ந்து, அவை தாமாக நம் பக்கம் வரும்வரை காத்திருக்க முடிகிறதே, கனோவால் கிடைக்கும் பெரிய வசதி அதுதான்.

கரையில் இருந்து அது முடியாது, ஏனென்றால் கரைக்கும் பறவைக்கும் நடுவில் எப்போதும் ஒரு சேற்றுப் பட்டையும் கோரைப் புதரும் கிடக்கும். 1971இல் ஈரானின் ராம்சர் நகரில் கையெழுத்தான ஈரநில ஒப்பந்தம், கடலோரத்தில் நீர் வடியும் நேரத்தில் 6 மீட்டர் ஆழம் வரை உள்ள பரப்பைக்கூட ஈரநிலம் என்றுதான் எடுத்துக்கொள்கிறது. ஆனால் நாம் தேடிப்போகும் பறவைகளில் பெரும்பாலானவை இரை தேடுவது அதைவிட மிகமிக ஆழம் குறைந்த தண்ணீரில். உள்ளான்களுக்குச் சில சென்டிமீட்டர் போதும். கொக்கும் நாரையும் கால் நனையும் ஆழத்தில்தான் நிற்கும். தலையை உள்ளே விட்டு வாலை மேலே தூக்கி மேய்கிற வாத்துகளுக்குக் கழுத்து எட்டும் ஆழம்தான் எல்லை. ஒரு ஆளும் அவர் சாமானும் ஏறிய கனோவோ 10, 15 சென்டிமீட்டர் தண்ணீர் இருந்தாலே மிதந்துவிடும். நடந்தால் தொடை வரை புதையும் இடத்தில், மோட்டார் படகு தரைதட்டும் இடத்தில், அது சத்தமில்லாமல் நுழையும்.

இன்னொரு லாபம் பார்வை மட்டம். கரையில் நின்று எடுத்தால் பறவையை மேலிருந்து கீழாகப் பார்க்கிறோம், பின்னணி முழுக்கத் தண்ணீர்தான். கனோவில் முட்டி போட்டு உட்கார்ந்தால் கண் தண்ணீருக்கு மேல் முக்கால் மீட்டர் அளவில் வந்துவிடும். கேமராவைப் படகு விளிம்பு வரை இறக்கி, மடக்குத் திரையைப் பார்த்து எடுத்தால் இன்னும் கீழே. அப்போது பறவையின் கண்ணுக்கு நேராக நாம் இருப்போம், பின்னணி எங்கோ தூரத்துப் புதருக்குப் போய் மங்கிவிடும். ஒரு சாதாரண நாமக்கோழி படம்கூட அந்த மட்டத்தில் வேறு படமாகிவிடுகிறது.

இது புதுசாக யாரோ கண்டுபிடித்த வழி இல்லை. அமெரிக்காவில் ஜார்ஜ் ஷைரஸ் என்பவர் இரவில் கனோவில் போய், முன்னால் விளக்கு வைத்து, ஒளித்தூள் வெடித்துக் காட்டு விலங்குகளைப் படமெடுத்தார். நேஷனல் ஜியோகிராஃபிக் 1906 ஜூலை இதழில் அவருடைய 74 படங்கள் வந்தன. எனக்கு அவரைவிட எம்மா டர்னரைத்தான் அதிகம் பிடிக்கும். இங்கிலாந்தின் நார்ஃபோக் சதுப்பு நீர்ப்பரப்பில் ஒரு படகு வீட்டிலேயே மாதக்கணக்கில் தங்கிப் பறவைகளைக் கவனித்தவர் அவர். கூடு கட்டுவதே நின்றுபோனதாக அந்த நாட்டில் நினைத்திருந்த பிட்டர்ன் என்கிற குருகு இனத்தின் குஞ்சை 1911இல் படமெடுத்து, அது திரும்பி வந்துவிட்டது என்பதற்கு ஆதாரம் கொடுத்தார். அன்றைய கேமராவின் எடையையும் கண்ணாடித் தகடுகளையும் நினைத்துப் பாருங்கள். அவரிடம் 600 மி.மீ. லென்ஸ் இல்லை. பொறுமை இருந்தது.

சரி, படகுக்கு வருவோம். கயாக்கா கனோவா என்று குழம்ப வேண்டாம், இரண்டிலும் எடுக்கலாம். நான் கனோ பக்கம் சாய்வதற்குக் காரணம் துடுப்பு. கயாக் துடுப்புக்கு இரு முனையிலும் அலகு, அதாவது தண்ணீரைத் தள்ளும் தட்டையான பகுதி; ஒன்று தண்ணீரில் இருக்கும்போது மற்றது தலை உயரத்தில் வெயில் பட்டு மின்னும், சொட்டும் தண்ணீர் மடியில் இருக்கும் கேமராவில் விழும். கனோவின் ஒற்றைத் துடுப்பைத் தண்ணீரை விட்டு எடுக்காமலேயே வலிக்கலாம். எப்படி என்றால், வழக்கம்போல் ஒரு இழுப்பு இழுத்து முடித்ததும் துடுப்பை மேலே தூக்காமல், அலகைக் கத்திபோலத் திருப்பி, தண்ணீருக்குள்ளேயே முன்னால் நழுவவிட்டு, மறுபடி திருப்பி இழுக்க வேண்டும். உள்ளங்கையில் துடுப்பின் பிடி உருளுவதை உணர்ந்தால் சரியாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம். சொட்டுச் சத்தம் கிடையாது, கை மேலே போகாது, தூரத்தில் இருந்து பார்க்கும் பறவைக்கு ஒரு மரக்கட்டை மிதந்து வருவதுபோல் இருக்கும். பறவை இல்லாத தண்ணீரில் இரண்டு மூன்று நாள் பழகினால் கை படிந்துவிடும்.

இருவர் உட்காரும் கனோவில் தனியாகப் போனால் பின் இருக்கையில் உட்காராதீர்கள், அணியம், அதாவது படகின் முன்முனை, மேலே தூக்கிக்கொண்டு லேசான காற்றுக்கே படகு சுற்றும். முன் இருக்கையில் பின்புறம் பார்த்தபடி உட்கார்ந்து படகைத் திருப்பி ஓட்டினால் எடை நடுவுக்குக் கிட்ட வரும், இது கனோக்காரர்கள் பலரும் செய்வதுதான். எதிர்முனையில் ஒரு தண்ணீர்க் குடுவையை வைத்துச் சமன் செய்துகொள்ளலாம். அலுமினியப் படகாக இருந்தால் அடியில் தடிமனான ரப்பர் பாய் விரியுங்கள். ஒரு பாட்டில் உருண்டாலும் அந்தச் சத்தம் நீர்ப்பரப்பு முழுக்கக் கேட்கும்.

அடுத்தது காற்று, வெயில். இதில் கவனம் இருந்தால் பாதி வேலை முடிந்தது. நீர்ப்பறவைகள் காற்றை எதிர்த்துத்தான் கிளம்பும், காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். கூழைக்கடாவும் நாமக்கோழியும் தண்ணீர் மேல் ஓடி ஓடி எழுவதைப் பார்த்திருப்பீர்கள், அந்த ஓட்டம் எப்போதும் காற்றுக்கு எதிர்முகமாகத்தான். அதனால் காற்று உங்கள் முதுகில் படும்படி இருந்தால் பறவை உங்களைப் பார்த்தபடி கிளம்பும், உங்களைப் பார்த்தபடி இறங்கும். சூரியனும் முதுகுப் பக்கமே இருந்துவிட்டால் அதைவிட வேறென்ன வேண்டும். அப்படி ஒரு காலை அமைந்தால், துடுப்பைக் குறுக்கே வைத்துவிட்டு காற்று தள்ளுகிற வேகத்திலேயே மெல்ல மிதந்து போங்கள். பயணத் திட்டம் மட்டும் இதற்கு நேர்மாறு: முதலில் காற்றை எதிர்த்துப் போய்விட்டு, களைத்துத் திரும்பும்போது காற்றோடு வர வேண்டும். விடியலில் அசைவற்றுக் கிடந்த தண்ணீர் வெயில் ஏறியதும் அலையடிப்பது சகஜம்.

இப்போது உங்கள் முக்கியக் கேள்வி, பறவை பறந்துவிடாதா? பறக்கும், நீங்கள் நேராகப் போனால். நேர்கோட்டில், ஒரே வேகத்தில், தன்னையே பார்த்துக்கொண்டு வருவது எதுவானாலும் அது பறவைக்கு வேட்டையாடும் பிராணிதான். பக்கவாட்டில், சாய்கோட்டில், வேறெங்கோ போகிறவர்போல் போங்கள், அடிக்கடி நில்லுங்கள். கரைக்கும் படகுக்கும் நடுவில் பறவையை மாட்டவைக்காதீர்கள். விலகிப்போக அதற்குத் திறந்த தண்ணீர் ஒரு பக்கமாவது இருக்க வேண்டும்.

அதைவிட முக்கியம், பறப்பதற்கு முன்னால் அது சொல்லும் சேதியைப் படிக்கத் தெரிவது. மேய்ந்துகொண்டிருந்த பறவை மேய்ச்சலை நிறுத்திவிட்டுத் தலையை நிமிர்த்தினால் அது முதல் மணி. அங்கேயே துடுப்பை நிறுத்துங்கள், கையைக்கூட மடியில் இருந்து எடுக்க வேண்டாம். இரண்டு நிமிடத்தில் மறுபடி குனிந்து மேய ஆரம்பித்தால், அந்தத் தூரத்தை அது ஏற்றுக்கொண்டுவிட்டது. நிமிர்ந்த கழுத்து அப்படியே நின்றால், உடம்பை உங்களுக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால், ஒன்றுக்கொன்று நெருக்கமாகக் கூடினால், நீங்கள் ஏற்கெனவே அதிகம் வந்துவிட்டீர்கள். நீலத்தாழைக்கோழி வாலை வெடுக் வெடுக்கென்று ஆட்டி வெள்ளை அடிவாலைக் காட்டுவது வழக்கம்தான், ஆனால் அந்த வேகம் கூடுகிறதா என்று பாருங்கள். கொக்கும் நாரையும் கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் உடம்பை முன்னே சாய்த்துக் கழுத்தைச் சுருக்கும், பல சமயம் எச்சமிட்டுவிட்டுத்தான் எழும். குருகு மட்டும் இந்தக் கணக்கில் வராது, அது அலகை வானத்துக்கு நீட்டிக் கோரையோடு கோரையாக நின்றுவிடும். அசையவில்லை, அதனால் பயப்படவில்லை என்று தப்புக்கணக்குப் போட்டுக் கிட்டே போகாதீர்கள், அப்படி நிற்பதே பயத்தால்தான்.

முக்குளிப்பானிடம் நான் இதைக் கற்றுக்கொண்டேன். அது மூழ்கினால் பெரும்பாலும் 10, 20 விநாடிக்குள் வெளியே வரும். மூழ்கியிருக்கும்போது மட்டும் ஓரிரு இழுப்பு வலித்துவிட்டு, மேலே வரும்போது சிலையாகிவிட வேண்டும் என்று பலர் சொல்வார்கள். செய்து பார்த்தேன், வேலை செய்கிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் தள்ளித்தான் எழும்புகிறது, அதாவது நாம் அதைத் தள்ளிக்கொண்டே போகிறோம். இப்போதெல்லாம் அந்த 10 விநாடியைக் கேமராவைத் தூக்கிக் கண்ணில் வைக்க மட்டும் பயன்படுத்துகிறேன். பறவை மேலே வரும்போது என் கை ஏற்கெனவே உயர்ந்திருக்கும், அசைவு எதுவும் அதன் கண்ணில் படாது. ஒருநாள் அப்படி உட்கார்ந்திருந்தபோது அது படகுக்கு 3 மீட்டரில் எழுந்து, தலையில் ஒரு பாசி இழையோடு, என்னைப் பார்த்து, ஒன்றும் செய்யாமல், மறுபடி மூழ்கிப் போனது.

இன்னொரு காலை. தாமரை படர்ந்த ஓரத்தில், கோரைக்கு வெளியே அணியத்தை நிறுத்தி, ஒரு கழியைச் சேற்றில் ஊன்றிப் படகை அதில் கட்டிவிட்டு (நங்கூரம் போடுகிற சத்தம்கூட இல்லாத வழி இது) அரை மணிக்கு மேல் இருந்தேன். தாமரை இலைக்கோழி ஒன்று இலைக்கு இலை தாவி வந்தது. உடம்புக்கு இரண்டு பக்கமும் ஏதோ குச்சிகள் தொங்குகின்றன, காயமோ என்று லென்ஸ் வழியாகப் பார்த்தால், அத்தனையும் கால்கள். குஞ்சுகளை இறக்கைக்குள் இடுக்கித் தூக்கிக்கொண்டு நடக்கிறது, அவற்றின் நீள விரல்கள் மட்டும் வெளியே தொங்குகின்றன. அது தகப்பன், இந்த இனத்தில் அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆண்தான். படகைத் தாண்டிப் போய் ஒரு பெரிய இலையில் குந்தி இறக்கையை விரித்தது, குஞ்சுகள் ஒவ்வொன்றாக இறங்கின. நான் துடுப்பைத் தொட்டிருந்தால் அது நடந்திருக்காது.

கேமரா அமைப்பு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முக்காலியை விட்டுவிடுங்கள், படகே ஆடும்போது அதில் நிறுத்தி என்ன பயன். கையில் பிடித்து, முழங்கையை விலாவில் ஒட்டி எடுப்பதே நல்லது. உட்கார்ந்திருக்கும் பறவைக்குக்கூட ஷட்டர் வேகம் 1/1000 விநாடிக்குக் கீழே போக வேண்டாம், பறப்பதற்கு 1/2000 முதல் 1/3200. ஐஎஸ்ஓவை (கேமரா ஒளியை உணரும் அளவு) தானியங்கியில் விட்டு, விடியலில் அது ஏறினால் ஏறட்டும் என்று இருங்கள். குருணையை அப்புறம் குறைத்துக்கொள்ளலாம், ஆடிப்போன படத்தைச் சரிசெய்ய முடியாது. உங்களிடம் உள்ள 400 மி.மீ. போதும். 600 எடை அதிகம், படகில் கை சீக்கிரம் தளரும். இருண்ட கோரைக்கு முன் நிற்கும் வெள்ளைக் கொக்கைக் கேமரா வெளுக்கவைத்துவிடும், ஒரு ஸ்டாப் வரை, அதாவது ஒளி பாதியாகும் அளவு வரை, எக்ஸ்போஷரைக் குறையுங்கள். பளபளக்கும் தண்ணீரில் நீர்க்காகம் என்றால் அதே அளவு கூட்டுங்கள். முன்னால் ஆடும் கோரையில் ஃபோகஸ் போய் ஒட்டிக்கொள்ளும், அங்கே ஒற்றைப் புள்ளி ஃபோகஸ்தான் கைகொடுக்கும். படகு சாய்ந்தால் நீர்மட்டமும் படத்தில் சாயும், வ்யூஃபைண்டரில் மட்டக்கோடு காட்டும் வசதி இருந்தால் அதை எப்போதும் போட்டு வையுங்கள். பறவையும் தண்ணீரில் தெரியும் அதன் பிம்பமும் செங்குத்தாக ஒன்றுக்குக் கீழ் ஒன்று இல்லாவிட்டால் பார்க்கிறவர்களுக்கு ஏதோ உறுத்தும்.

வலது கையால் ஷட்டரை அழுத்துகிறவர் என்றால் பறவையை இடதுபுறம் வைத்துக்கொள்ளும்படி படகைத் திருப்புங்கள். நீண்ட லென்ஸோடு இடது பக்கம் உடம்பு சுலபமாகத் திரும்பும், வலது பக்கம் திரும்பினால் இடுப்பு முறுகிப் படகும் சாயும். பைனாகுலரில் 10 மடங்கை விட 8 மடங்கே நல்லது, ஆடுகிற படகில் 10 மடங்கு ஆட்டத்தையும் பெரிதாக்கிக் காட்டும். கப்பலில் போகிறவர்கள் 7 மடங்கு பெரிதாக்கும் 7x50 பைனாகுலர் வைத்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கேமரா பயம் நியாயமானது. வாய் சுருட்டி மூடும் தண்ணீர் புகாத பையை இரண்டு முழங்காலுக்கு நடுவில், ஒரு ஸ்பாஞ்ச் துண்டின் மேல் வையுங்கள். துடுப்பு வலிக்கும்போது கேமரா பைக்குள், பையின் வாய் மூடி. நிறுத்திய பிறகுதான் கையில். கழுத்தில் மாட்டிக்கொண்டு வலிக்காதீர்கள், கவிழ்ந்தால் அந்த வார் எதிலாவது சிக்கும். பையைப் படகில் கட்டுங்கள், உங்களைக் கட்டாதீர்கள். கை துடைக்க ஒரு துண்டு தனியாக. உப்புத் தண்ணீர்ப் பகுதி என்றால் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேமராவை ஒருமுறை துடைக்க வேண்டும்.

லைஃப் ஜாக்கெட்டை மடியில் வைத்திருப்பதில் பயனே இல்லை, போட்டுக்கொள்ள வேண்டும், நீச்சல் தெரிந்தாலும். வ்யூஃபைண்டருக்குள் கண் போய்விட்டால் படகு என்ற நினைப்பே போய்விடும், பறக்கும் பறவையோடு லென்ஸைச் சுழற்றிக்கொண்டே உடம்பு வெளியே சாயும். தலை படகின் விளிம்பைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் கவிழ்வது அபூர்வம். எழுந்து நிற்கவே நிற்காதீர்கள். முதலை இருக்கும் நீர்நிலையில் கனோவே வேண்டாம்.

ஒன்றை மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். கூடு கட்டும் காலத்தில் கோரைக்குள்ளும் மிதக்கும் செடிகளுக்குள்ளும் படகைச் செருகாதீர்கள். முக்குளிப்பானின் கூடு தண்ணீரில் மிதக்கும் ஈரப் பாசிக் குவியல்தான், மீசை ஆலாக்களும் மிதக்கும் செடிகள் மேல்தான் முட்டையிடும், ஒரு படகின் அலையே அவற்றுக்குப் போதும். ஒருமுறை கோரை வளைவைத் திரும்பியதும் கூட்டிலிருந்து முக்குளிப்பான் ஒன்று அவசரமாக நழுவியது. கூட்டை விட்டுப் போகும்போது பாசியால் முட்டையை மூடிவிட்டுப் போவது அதன் வழக்கம்; அன்று அதற்கு அந்த நேரத்தை நான் கொடுக்கவில்லை. முட்டைகள் வெளிறித் தெரிந்தன, மேலே காகம் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. வந்த வழியே பின்னால் வலித்து, வெகுதூரம் போய், அது திரும்பி வந்து ஏறி உட்காரும்வரை பைனாகுலரில் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு படம்கூட எடுக்கவில்லை. கொக்கு, நாரைகளின் கூட்டுத்தொகுதி இருக்கும் மரங்களுக்கு அடியிலும் இதே கதைதான், பெரியவை எழுந்தால் முட்டையும் குஞ்சும் காகத்துக்கும் பருந்துக்கும் வெயிலுக்கும். அப்புறம் வாத்துகள் வருடத்தில் சில வாரம் பறக்கும் இறகுகள் அத்தனையையும் ஒரே சமயத்தில் உதிர்த்துவிடும், அப்போது அவற்றால் எழவே முடியாது. பறக்காமல் தண்ணீரில் அடித்துக்கொண்டு ஓடும் வாத்துக் கூட்டத்தைக் கண்டால் நல்ல வாய்ப்பு என்று பின்னாலேயே போகாமல் படகைத் திருப்பிவிடுங்கள். ஒலிப்பதிவைப் போட்டு அழைப்பதும் வேண்டாம்.

சரணாலயங்கள் பலவற்றில் சொந்தப் படகுக்கு அனுமதி கிடையாது, போகும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு நீர்நிலையில் இருந்து இன்னொன்றுக்குப் படகை எடுத்துப் போகும்போது அடியில் ஒட்டிய செடித் துண்டுகளைச் சுத்தமாக எடுத்துவிட்டுக் காயவையுங்கள், ஆகாயத்தாமரை ஒரு துண்டில் இருந்தே பரவிவிடும்.

முதல் இரண்டு முறை கேமரா இல்லாமல் போங்கள் என்பேன். பைனாகுலர் மட்டும். வெளிச்சம் வருவதற்கு அரை மணி முன்பே போய், கூடு இல்லாத ஒரு கோரை ஓரமாகப் பார்த்துப் படகை ஊன்றிவிட்டு, ஒரு மணி நேரம் அசையாமல் இருங்கள். முதல் 20 நிமிடம் ஒன்றுமே இருக்காது, நீங்கள் வந்த அதிர்ச்சி அடங்க அவ்வளவு நேரமாகும். அதன் பிறகு எது எந்தப் பக்கம் இருந்து வருகிறது, எது எந்தக் குச்சியில் உட்கார்கிறது, வெயில் எங்கே முதலில் விழுகிறது என்று பாருங்கள். மூன்றாவது முறை கேமராவோடு போகும்போது, மீன்கொத்தி மீனைப் பிடித்துக்கொண்டு எந்தக் குச்சிக்குத் திரும்பும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஃபோகஸை அங்கே வைத்துவிட்டுக் காத்திருக்கலாம்.